204-க்கு வந்த விருந்தாளிகள்

போன வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கூரியர் வாங்கக் கீழே இறங்கினேன். ஐந்து நிமிட வேலை. திரும்பி மேலே போக ஒரு மணி நேரம் ஆயிற்று.

எங்கள் அபார்ட்மென்ட் மல்லேஸ்வரத்தில் இருக்கிறது. ஏ, பி என்று இரண்டு பிளாக். கேட்டை ஒட்டி செக்யூரிட்டி அறை, அதற்கு முன்னால் ஒரு பெஞ்ச். அதில் வயதான கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் தேய்த்த வெள்ளைச் சட்டை. அந்த அம்மா காட்டன் புடவை. மடியில் ஒரு துணிப்பை. பைக்கு வெளியே ஈரத் துண்டின் நுனி எட்டிப் பார்த்தது. அதன் பக்கத்தில் ஒரு பெரிய நகவெட்டி, ஒரு சின்ன பைபிள்.

எதிரே எங்கள் சங்கச் செயலாளர் சுரேஷ். வேலூர்க்காரர், ஐ.டி. வேலை. கோபத்திலும் மரியாதை குறையாதவர்.

"யார் அனுப்பினாங்க உங்களை? அதை மட்டும் சொல்லுங்கம்மா."

"சர்ச்சுல லிஸ்ட் கொடுத்திருக்காக தம்பி. 204, தாமஸ் ஐயா. தனியா இருக்காக, ஞாபக மறதின்னு போட்டிருக்கு. வாரம் ஒருக்கா வந்து பார்க்கோம்."

"தாமஸ் சார் ஏ-204. அவர் அத்திபெலேவுல மக வீட்டுக்குப் போயி ரெண்டு மாசமாச்சு. நீங்க போயிட்டிருக்கிறது பி-204. அது ராவ் அங்கிள் வீடு. மூணு வாரமா யார் வீட்டுல போய் உட்கார்ந்திட்டிருக்கீங்கன்னு தெரியுமா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த அம்மாவின் கை பையை இறுக்கிப் பிடித்தது.

மூன்று வாரம்... இரண்டு பக்கத்திலும் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லையா? பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். பத்திரிகை ஆபீசில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியதால் வந்த பழக்கம், போக மாட்டேன் என்கிறது.

அவர் பெயர் ஜெயசிங். அந்த அம்மா கிரேஸ். திருநெல்வேலிப் பக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் ஒடிசாவின் மலைக் கிராமங்களில் மிஷனரிகளாக இருந்தவர்கள். ஓய்வு பெற்றதும் பெங்களூர். ஒக்கலிபுரத்தில் ஒற்றை அறை வாடகை வீடு. சபை ஒரு லிஸ்ட் கொடுத்திருக்கிறது — சர்ச்சுக்கு வர முடியாத வயதானவர்களின் பெயர்கள். பஸ் பிடித்து வீடு வீடாகப் போகிறார்கள்.

போய் என்ன செய்கிறார்கள்? முதலில் கால் நகம் வெட்டுகிறார்கள்.

பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக் காலை ஊற வைப்பது. தடித்துப்போன நகம் இளகியதும் கிரேஸ் அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக வெட்டுவது. எல்லாம் முடிந்த பிறகுதான் ஜெயசிங் பைபிளைத் திறப்பார்.

"ஒடிசா போன மொத வருஷம் அவுக பாஷை எங்களுக்குத் தெரியாது," என்றார் கிரேஸ் அம்மா. "பேசத் தெரியாம என்னத்த ஊழியம் செய்ய? நகம் வெட்ட பாஷை வேண்டாம்லா."

அங்கே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. யாரிடமும் பெயர் கேட்பதில்லை. அந்த ஊர்களில் வாசலில் நின்று பெயர் கேட்பது போலீஸ் அல்லது சர்க்கார் ஆள். அவர்களாகச் சொல்கிற வரை வெறும் 'ஐயா', வெறும் 'அம்மா'.

எங்கள் கேட்டிலும் அப்படித்தான். காவலாளி பிரஹலாத் ஒடிசாக்காரர், தலை நரைத்தவர். 204-ல் தனியாக இருக்கும் பெரியவர் என்று அந்த அம்மா ஒடியாவில் கேட்டதும் மனிதர் உருகிவிட்டார். வெளியாட்களைப் பதிகிற கேட் ஆப்பில் பதிவு போடவும் மறந்து, தனக்குத் தெரிந்த தனிப் பெரியவரின் பி பிளாக் லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

சரி, ராவ் ஏன் கதவைத் திறந்தார்? அவர் மகன் கனடாவில் இருக்கிறான். ரத்தப் பரிசோதனை, பிளம்பர், பிசியோதெரபி — எல்லாவற்றையும் அங்கிருந்தே புக் செய்துவிடுவான். இதுவும் அவன் ஏற்பாடு என்று நினைத்துக் காலை நீட்டியிருக்கிறார். முந்தின நாள் போனில், 'நீ அனுப்புற அந்த ஜோடி ரொம்ப நல்லா செய்றாங்க' என்று பாராட்டப் போக, மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உடனே சுரேஷுக்கு போன்.

சுரேஷைக் குறை சொல்ல முடியாது. தனியாக இருக்கும் முதியவர் வீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர். கையில் பைபிள். இன்றைய தேதிக்கு அது போதும். எங்கள் வாட்ஸ்அப் குரூப் காலையிலிருந்தே கொதித்துக்கொண்டிருந்தது. ஏ-302 மட்டும் ஏழு மெசேஜ்.

"நேராவே கேக்கறேன் சார். பிரேயர் பண்ணீங்களா, இல்லையா?"

ஜெயசிங் எழுந்து நின்றார். "பண்ணினோம் தம்பி. பைபிள்ல ஒரு சங்கீதம் வாசிச்சு ஜெபம் பண்ணினோம். எங்க சபை ஆளுன்னு நெனச்சோம். காலண்டர்ல வெங்கடாசலபதி படம் இருந்துச்சு... கடையில கொடுத்ததா இருக்கும்னு விட்டுட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியாத மாதிரி இருந்ததை ஞாபக மறதின்னு எடுத்துக்கிட்டோம். தப்பு எங்க மேலதான். பேர் கேட்டிருக்கணும்."

நகம் மட்டும்தான் வெட்டினோம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. மனதில் குறித்துக்கொண்டேன்.

"சரி. இனிமே இந்த கேட்டுக்குள்ள வர வேண்டாம்," என்றார் சுரேஷ்.

"மேல போயி ஐயாட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"வேண்டாம்மா."

அப்போதுதான் லிஃப்ட் திறந்தது. ராவ். எழுபத்தெட்டு வயது. ரயில்வேயில் ஜோலார்பேட்டையில் பல வருஷம் இருந்தவர், அவர் தமிழ் அங்கே கற்றது. பைஜாமாவை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு. இன்னொரு கால் ஈரம் சொட்டியது.

"ஏன் சுரேஷ், இன்டர்காம்ல கூப்பிட்டீங்கன்னு அஞ்சு நிமிஷம்னு சொல்லிட்டுப் போனாங்க. பக்கெட்ல தண்ணி ஆறிப்போச்சு."

சுரேஷ் விஷயத்தைச் சொன்னார். ராவ் நிதானமாகக் கேட்டார். ஜெயசிங் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க கம்பெனி ஆளுங்க இல்லையா?"

"இல்லைங்க ஐயா. மிஷனரி."

"கடைசியில ஒரு புக்கு படிப்பீங்களே?"

"பைபிள்."

"நான் அது பேக்கேஜ்ல சேர்ந்ததுன்னு நெனச்சேன்."

சுரேஷ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கத்தான்.

அதற்குள் சுரேஷின் போனில் கனடா வந்துவிட்டது. அவர் விவரம் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு ராவிடம் நீட்டினார். நகம் வெட்ட முடியவில்லை என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மகன் கன்னடத்தில் கேட்டான். ராவும் கன்னடத்திலேயே சொன்னார். தமிழில் இப்படி வரும்: "தினமும் நீ கேக்கறது சுகர் எவ்வளவு, பி.பி. எவ்வளவு. நான் நம்பர் சொல்றேன். நகத்துக்கு நம்பர் இல்லையேப்பா. குனிய முடியாம ஆறு மாசமாச்சு."



அவன் நல்ல மகன்தான். அக்கறை இல்லாமலா தினமும் கூப்பிடுகிறான்? ஆனால் நம் அக்கறை எல்லாம் இடுப்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது. காலைப் பார்க்க யாராவது தரையில் உட்கார வேண்டியிருக்கிறது.

ராவ் ஜெயசிங்கின் கையைத் தொட்டார். "சார், தப்பா நெனக்காதீங்க. பிரேயர் பேடா, வேண்டாம். எனக்கு என் வெங்கட்ரமணன் இருக்கான். நகம் மட்டும் போதும்."

வாழ்க்கை முழுவதும் அந்தப் புத்தகத்தோடு நடந்தவரிடம் கேட்கிற சின்ன விஷயம் இல்லை அது. ஜெயசிங் பைபிளைப் பையின் அடிக்குத் தள்ளினார்.

"உங்க வீடு ஐயா. நீங்க சொல்லுதபடி."

கிரேஸ் அம்மா அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. "திரும்பிப் போகையில பஸ்ல உங்களுக்காக ஜெபிச்சுக்கிடலாமா?"

ராவ் யோசித்தார். "பஸ்ல பரவாயில்லை."

சுரேஷ் பெருமூச்சு விட்டார். "ஆனா அங்கிள், இனி ஆப்ல என்ட்ரி போடாம யாரும் மேல வரக்கூடாது." பிரஹலாத் போனை எடுத்தார். ஆப்பில் இருப்பதே நான்கு வகைதான்: டெலிவரி, கேப், வேலையாள், விருந்தினர். எதை அழுத்துவது என்று தெரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"கெஸ்ட் போடு," என்றார் ராவ். "சீக்கிரம். வலது கால்தான் முடிஞ்சிருக்கு."

மூவரும் லிஃப்ட்டுக்குள் போனார்கள். நான் கூரியரை பெஞ்சிலேயே மறந்துவிட்டு மேலே வந்தேன்.

மாலையில் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். காலையில் ஏழு மெசேஜ் போட்ட ஏ-302 எட்டாவதாக ஒன்று போட்டிருந்தார்: 'அந்த அம்மா வேற வீட்டுக்கும் வருவாங்களா? என் மாமனாருக்கு எண்பத்தொன்று.'

கீழே சுரேஷின் பதில்: 'வருவாங்க. பேரையும் பிளாக்கையும் தெளிவா எழுதிக் கொடுங்க.'