வெளிறிய எழுத்துகள்

2025 ஜூலை 15, செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், சட்டையைத் தேய்த்தேன். ஏழே முக்காலுக்கு ஜொகூர் பாரு அலுவலகத்தில் இருந்தேன். வழியில் நண்பனுக்குச் சீனி போடாத தே ஓ, பாலில்லாத தேநீர், கட்டி வாங்கிக்கொண்டேன். பல வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்து மேசை. இருவரும் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். அவனுக்கு சி மட்டும்தான் மொழி. நான் பைதானுக்குப் போனதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

அன்றைய பேச்சு, நிரல் எழுத வந்திருக்கும் புதிய எடிட்டரைப் பற்றி. போன வாரம்தான் எல்லாருக்கும் போட்டுக் கொடுத்தார்கள். நாம் ஒரு வரியைத் தொடங்கினால் மீதியை அதுவே ஊகித்து, வெளிறிய சாம்பல் நிறத்தில் காட்டும். பிடித்தால் ஒரு விசையைத் தட்டி ஏற்றுக்கொள்ளலாம்.

"சும்மா கதை விடுறாங்க லா. ஒரு வாரமா டைப் பண்றேன், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. உன் பைதானுக்கு மட்டும்தான் வாயத் தொறக்குமோ?" என்றான்.

"உன் சி-யப் பாத்து பயந்திருக்கும்."

"பயப்படணும்ல!"

சிரித்துக்கொண்டே அவன் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். தட்டிக் காட்டினான். அவன் நிறுத்திய இடத்திலிருந்து நான்கு வரிகள் சாம்பல் நிறத்தில் நீண்டிருந்தன. நான்கும் சரியான வரிகள்.

"பாத்தியா? ஒண்ணுமில்ல."

அந்த வரிகளின் கீழே விரலை வைத்தேன். "இங்க?"

மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்தான். பிறகு மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

"யார்கிட்டயும் சொல்லிறாத, மச்சான். இனிப்பு நீரு வியாதி. இடது கண்ணு போயிருச்சு. வலதும் மங்கிக்கிட்டு வருது. கறுப்பு எழுத்து தெரியுது, போதும்னு இருந்தேன்." மேசையில் தேநீரைத் தடவித் தேடி எடுத்தான். "சின்ன மக படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம். அதுவரைக்கும் தாங்கணும்."

காரை விட்டுவிட்டு அவன் பஸ்ஸில் வரத் தொடங்கியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. ரோட்டு ஜாமில் ஓட்டித் தாங்கவில்லை என்று சொல்லியிருந்தான், நானும் நம்பியிருந்தேன்.

மதியக் கூட்டத்தில் எடிட்டர் எப்படி என்று மேனேஜர் கேட்டார்.

"வேஸ்ட் லா, பாஸ். பழசே போதும்," என்றான் அவன்.

பழைய ஆளின் பிடிவாதம் என்று இளையவர்கள் சிரித்தார்கள். அவன் எதிர்பார்த்தது அதைத்தான். அவன் முகம் என் பக்கம் திரும்பியது. நானும் சிரித்தேன்.

மறுநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்பே போனேன். முதல் வேலையாக, அவன் கணினியைத் திறந்து, அந்தச் சாம்பல் நிறத்தை அடர் நீலமாக மாற்றி, எழுத்துகளை இரண்டு மடங்கு பெரிதாக்கினேன்.