ஆறிய பிறகு பார்த்த செம்பு

பிரேமிளாவைப் பற்றி எழுதுவதென்றால் என்னைத் திட்டாமல் எழுத முடியாது. கிளிநொச்சியில் ஒரு வளாகத்தின் இரசாயன ஆய்வுகூடத்தில் நான் தொழில்நுட்ப அலுவலர். பெயர் கனகலிங்கம். வாய் கொஞ்சம் நீளம்.

பிரேமிளா எங்கள் ஆய்வுகூட உதவியாளர். தகப்பன் மாயாண்டி மலையகத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் வயல்வேலை செய்தவர். மாங்குளத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த பிரேமிளா, பிறகு எங்களிடம் கண்ணாடிக் குழாய் கழுவ வந்தார். ஆறு வருடமாக, வெயிலோ மழையோ, காலை ஏழரைக்கு அவருடைய சைக்கிள் வாசலில் நிற்கும். பின்னறைக்குள் போய்ச் சேலையை மாற்றி, பழைய சட்டையும் பாவாடையும் போட்டுக்கொண்டு வேலைக்கு இறங்குவார். ஒரு குழாய் உடைத்ததில்லை. அதற்காக நான் ஒரு நல்ல சொல் சொன்னதும் இல்லை.

அந்த வருடம் நிரந்தர நியமனத்துக்குப் பெயர் கேட்டிருந்தார்கள். சிபார்சுக் கடிதப் படிவத்தில் நான் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணியோடு முடிவு. பிரேமிளாவுக்கு நாற்பத்துநாலு வயது. இந்தமுறை தவறினால் வயது தாண்டிவிடும். பிறகு கழுவுகிறவரைக்கும் தற்காலிகம்தான்.

அந்த நேரம் பூநகரிப் பிள்ளை தேனுகா எங்களிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய பொருள் ஒரு ஊக்கி, அதாவது தான் செலவாகாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவாக்குவது. வெள்ளைத் தூள் ஒன்றின் மேல் பத்துப் பதினைந்து செம்பு அணுக்கள் சேர்ந்த சின்னச் சின்னக் கூட்டங்கள். கண்ணாடிக் குழாயில் அதைப் போட்டு, அடுப்பில் சூடாக்கி, வாகனப் புகையில் இருக்கிற நச்சு வாயுவை ஊடாக விட்டால், செம்பு அதன் நஞ்சை முறிக்கும். வேலை செய்யும்போது அந்தக் கூட்டங்கள் அப்படியே இருக்கின்றனவா, உருமாறுகின்றனவா? இதுதான் கேள்வி. இரண்டு வருடமாகப் பார்த்தாள். போடும்போதும் இளம்பச்சை, ஆறவைத்து எடுக்கும்போதும் இளம்பச்சை. மாற்றமில்லை என்று எழுதியும் விட்டாள்.

சரஸ்வதி பூசையான வாணி விழா வந்தது. எங்கள் வழக்கப்படி தராசு, அடுப்பு, கணினி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. மறுநாள் காலை தேனுகாவுக்கு வகுப்பு இருந்ததால், அடுப்பருகே இருந்து பத்து நிமிடத்துக்கொருமுறை வெப்பநிலையைக் குறிக்கும்படி பிரேமிளாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான் எட்டிப் பார்த்தேன். கொப்பியில் இலக்கங்களுக்குப் பக்கத்தில், ஒருவரும் கேட்காமலே, இப்படி எழுதியிருந்தார்: "280 – தூள் கறுப்புச் சிவப்பு."

அடுப்பின் சின்னக் கண்ணாடிக் கதவால் உள்ளே பார்த்தேன். குழாயின் மேல் கருகிப்போன சந்தனப் பொட்டு! தூளைப் பார்க்குமுன்பே கோபம் எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"ஆர் உதில பொட்டு வைச்சது?"

முதல்நாள் சந்தனக் கிண்ணத்தோடு இருபது பேர் திரிந்தார்கள். பிரேமிளா தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான் சேர். அதுவும் வேலை செய்யிற சாமான்தானே எண்டு வைச்சனான்."

"உமக்கு மூளை இருக்கோ? பொட்டு எரிஞ்ச கறையைப் பாத்திட்டுத் தூள் சிவந்தது எண்டு எழுதி வைச்சிருக்கிறீர்!"

"இல்லை சேர். பொட்டு வெளியில. நான் சொல்லுறது உள்ளுக்க இருக்கிறதை. அது உடுப்பு மாத்துது சேர். வேலைக்கு ஒண்டு, வீட்டுக்கு ஒண்டு."

"கதையை விடும்!"

அடுப்பை நிறுத்தி, வழக்கம்போல் காற்றை விட்டு ஆறவைத்தேன். ஆறிய குழாயைத் திறந்து கொட்டினேன். இளம்பச்சை. "பாரும்!" என்று மேசையில் தட்டினேன். பிரேமிளா கொட்டிய தூளைக் கூட்டி அள்ளினார். கண் கலங்கியதைக் கண்டேன். கண்டும் இரங்கவில்லை, பாவி நான். அறைக்குள் போய்ச் சிபார்சுக் கடிதத்தில் "பொறுப்புப் போதாது, பின்னர் பார்க்கலாம்" என்று எழுதி மேசை லாச்சிக்குள் வைத்தேன்.

வகுப்பு முடிந்து வந்த தேனுகா கொப்பியை வாசித்துவிட்டு அந்த வரியின் கீழ் கோடு போட்டாள். வெள்ளிக்கிழமை காலை புதுக் குழாய் எடுத்தாள். பொட்டுமில்லை, கறையுமில்லை. மூன்றுபேரும் கதவுக்கு முன்னால் குந்தியிருந்தோம்.

இருநூறில் பச்சை மங்கியது. இருநூற்றெண்பதில், ஐயோ, உலர்ந்த இரத்தம் மாதிரிக் கறுப்புச் சிவப்பு! ஆறவைத்துக் காற்றை விட்டோம். பார்த்துக்கொண்டிருக்கவே நிறம் வெளுத்து, பழையபடி இளம்பச்சையாகி, ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது.

"அக்கா, நாங்கள் எப்பவும் ஆறின பிறகுதானே பாத்தனாங்கள்!" என்று தேனுகா பிரேமிளாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். சூட்டில் செம்பணுக்கள் நெருங்கிக் கூடி, காற்றுப் பட்டதும் பரவிவிடுகின்றன என்பது பிறகு வெளியூரில் பெரிய கருவியில் அளந்தபோது உறுதியானது. ஆய்வேட்டில் முதலில் கண்டவர் என்று பிரேமிளாவின் பெயரையும் தேனுகா போட்டாள்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு லாச்சிக்குள் இருந்த கடிதம் ஞாபகம் வந்ததும் அறைக்குப் பாய்ந்தேன். மணி மூன்று. புதுப் படிவம் கேட்டு எடுக்க நேரமில்லை. எழுதியதைக் குறுக்கே வெட்டிவிட்டு, கீழே "மிகவும் பொறுப்பானவர், உடனே நிரந்தரமாக்கவும்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். விண்ணப்பக்காரரின் கையொப்பமும் வேண்டுமென்பதால் பிரேமிளாவிடம் நீட்டினேன்.

அவர் வாசித்தார். வெட்டியதையும் வாசித்தார். என் வெட்டுக்கோட்டுக்குள்ளால் எல்லா எழுத்தும் தெரிந்தது.

கையொப்பம் வைத்துக் கடிதத்தைத் திருப்பித் தந்தபோது மெல்லக் கேட்டார்:

"சேர், இண்டைக்கு அது சிவக்காமல் விட்டிருந்தால்?"

நான் கடிதத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளுக்கு ஓடினேன். நாலு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தும் விட்டேன். நியமனமும் வந்தது. அவருடைய கேள்விக்கு மட்டும் இன்னும் நான் பதில் சொல்லவில்லை.