முதுகுக்குப் பின்னால் விழுந்த கோல்

செராமிக் பட்டறையில் எனக்குச் செக்கிங் வேலை. சூளையிலிருந்து வரும் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல சாமான் கணீரென்று பேசும். விரிசல் விட்டது, தொண்டை கட்டியவன் குரலில் முனகும். முனகியதை எடுத்து, பலகையிலேயே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிடுவேன். பேக்கிங் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். பொம்மை வரும் நாட்களில் பத்து இருபது பொம்மைகள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். எங்கள் பட்டறையில் லாயக்கில்லாத ஆளைப் பற்றிக்கூட, "அவன திருப்பி வெச்சாச்சு" என்றுதான் பேசிக்கொள்வோம்.

அந்தப் பழக்கத்தை மைதானத்துக்குக் கொண்டுபோனவன் நான். இன்றும் பொம்மைகளின் முதுகைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

விருத்தாசலத்தில் அப்போது பட்டறை ஆட்கள் சேர்ந்து ஒரு ஃபுட்பால் டீம் வைத்திருந்தோம். ரயில்வே கேட்டை ஒட்டிய பொட்டல்தான் மைதானம். கோடு போடச் சுண்ணாம்பு வாங்கியதில்லை. பட்டறையில் மிஞ்சும் வெள்ளைக் களிமண் தூளே போதும். செல்போன் வந்திருந்தது, ஆனால் எங்களில் யார் போனிலும் படம் பிடிக்க முடியாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்குச் சாட்சியாக ஒரு படம்கூடக் கிடையாது.

டீமுக்கு மேனேஜர் ஒருவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்தக் காலத்துக் கோல் கீப்பர். கோல் கீப்பர் புத்தி அவரை விட்டுப் போகவேயில்லை. "கோல் ஒண்ணும் வாங்காத. அது போதும்" என்பார். பத்துப் பேரையும் எங்கள் பக்கத்திலேயே நிறுத்திவைப்பார். பந்து வந்தால் தூக்கி வெளியே அடி, மறுபடி வந்தால் மறுபடி வெளியே அடி. எப்போதாவது எதிராளி தடுக்கி விழுந்து தப்புச் செய்தால் ஒரு பெனால்டி கிடைக்கும். அதில் ஒன்று போட்டு ஜெயிப்போம். தோற்றுக்கொண்டிருந்தால்கூட அவரை மன்னித்திருப்போம். ஜெயித்துக்கொண்டே இருந்தோம், அதுதான் எரிச்சல்.

"சார், பந்து மேல கொஞ்சம் வெயிலு படட்டும் சார்" என்று கத்துவோம். "தூக்கம் வராதவங்க இருந்தா இட்டுகினு வாங்கய்யா, இங்க படுத்துக்கட்டும்" என்பான் ஒருவன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கையைக் கட்டிக்கொண்டு நடுக்கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

எனக்கு மற்றவர்களைவிட வயிற்றெரிச்சல் அதிகம். என் தம்பி அந்த டீமில் ஆடினான். சூளையில் சாமான் அடுக்குகிறவன், காலில் பந்து வந்துவிட்டால் வேறு பிறவி. நாலு பேர் நடுவில் புகுந்து சிரித்துக்கொண்டே வெளியே வருவான். அவனைப் பார்க்கத்தான் பாதிக் கூட்டம் வந்தது. அவனைக் கொண்டுபோய்ப் பின்னால் நிறுத்தி, "நடுக்கோட்ட தாண்டாத" என்று சொல்லிவிட்டார் மேனேஜர். தம்பியும் தாண்டவில்லை. இரண்டு சீசன், அந்த வெள்ளைக் கோட்டின் முன்னால் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நின்றான். வீட்டில் நான் கத்துவேன். "அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? விடுண்ணா" என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவான்.

திட்டக்குடி டீமோடு செமி ஃபைனல் வந்தது. இரண்டு மேட்சில் முதலாவதை நாங்கள் ஜெயித்திருந்ததால் டிரா ஆனாலே எங்களுக்கு ஃபைனல். டிரா ஆனால் போதும் என்று அந்த மனுஷனிடம் சொன்னால் கேட்கவேண்டுமா. முதல் பாதி முழுக்க எங்கள் ஆட்கள் கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்றார்கள். பந்து முள்ளுச்செடிக்குள் போய்ப் போய் வந்தது. மேனேஜரை மாற்றச் சொல்லி மனு எழுதி, அறுபது பேரிடம் கையெழுத்து வாங்கி டீம் கமிட்டியில் முதல் நாளே கொடுத்திருந்தேன். அதுவும் போதவில்லை எனக்கு.

இரண்டாம் பாதியின் நடுவில் எழுந்து நின்றேன். "திருப்பி வைங்கடா" என்றேன்.

யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை, எல்லாரும் பட்டறை ஆட்கள். நாற்பது, ஐம்பது பேர் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தோம். "கடைசி விசில் வரைக்கும் எவனும் திரும்பக் கூடாது" என்றும் சொன்னேன். பெருமையாக இருந்தது.

ரயில்வே கேட் போட்டிருந்தது. ஸ்ரீமுஷ்ணம் போகிற தனியார் பஸ் ஒன்று எங்கள் எதிரே வந்து நின்றது. ஜன்னலோரம் ஒரு அம்மா, மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு எங்கள் தலைகளுக்கு மேலே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சும்மாதான் பார்த்தார். பிறகு அவர் கண் எங்கள் இடது பக்கத்திலிருந்து மெல்ல நகர ஆரம்பித்தது. நின்றது. வெட்டித் திரும்பியது. மறுபடி வேகமாக ஓடியது. வாய் கொஞ்சம் திறந்தது. மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார். படியில் நின்ற கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

தம்பி கோட்டைத் தாண்டிவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பியிருக்கலாம். கழுத்தைத் திருப்ப எவ்வளவு நேரமாகும்? நான் சொன்ன வார்த்தையை நானே மீறுவதா என்ற வீம்பு. ஒரு சத்தம் கேட்டது, பந்தை அடித்த சத்தம், கணீரென்று. ஆயிரக்கணக்கில் தட்டிப் பார்த்த காது எனக்கு. அதில் விரிசலே இல்லை. உடனே இன்னொரு சத்தம், அது நன்றாக இல்லை. பிறகு ரெஃப்ரியின் விசில்.

திரும்பியபோது கோலுக்கு முன்னால் என் தம்பி குப்புறக் கிடந்தான். பந்தை அடித்த வேகத்தில் கோல் கீப்பரோடு மோதி விழுந்திருக்கிறான். தோள்பட்டை இறங்கிவிட்டது. தூக்கும்போது என்னிடம் முதலில் கேட்டது வலியைப் பற்றி இல்லை. "கோலாண்ணா? எப்படிப் போச்சு? எனக்குத் தெரியல, கீழ உழுந்துட்டேன். நீ பாத்தல்ல?"

"பாத்தேன்டா" என்றேன். "வலது மூலைல, மேல. கீப்பரு கையே தூக்கல."

ஒன்றுக்குச் சைபர். மேனேஜர் அடுத்த வாரம் ஃபைனலுக்கு வரவில்லை; எங்கள் மனு வேலை செய்துவிட்டது. ஃபைனலில் எல்லாரும் ஆசைதீரக் கோட்டைத் தாண்டினார்கள். அழகாகத்தான் ஆடினார்கள், நான்கு கோல் வாங்கித் தோற்றோம். தம்பியின் தோள் பிறகு சரியாகவேயில்லை. சூளை வேலையும் போய், ஃபுட்பாலும் போய், ஒரு மெடிக்கல் கடையில் நின்றான். அவன் கோட்டைத் தாண்டியது அந்த ஒரு முறைதான்.

வருஷம் தவறாமல் கேட்பான், பொங்கலுக்கு, தீபாவளிக்கு, சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில். "எப்படிண்ணா போச்சு?" நானும் சொல்வேன். சொல்லச் சொல்ல என் பொய்க்குக் கால் முளைத்தது. மூன்று பேரைத் தாண்டினாய், பந்து கம்பத்தில் உரசியது என்றெல்லாம் சேர்த்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பான்.

நாலைந்து வருஷம் கழித்துச் சேத்தியாத்தோப்பு பஸ் நிறுத்தத்தில் மேனேஜரைப் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தார். ஒளிந்துகொள்ள இடம் தேடினேன், அவரே கூப்பிட்டுவிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தம்பி தோளு எப்படி இருக்குது?"

"அப்படியேதாங்க இருக்குது சார்."

டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். "அன்னிக்கு லைனு பக்கம் ஓடியாந்தான். 'எங்கண்ணன் திரும்பி உக்காந்துட்டான் சார். ஒரே ஒரு தடவ தாண்டிக்கிறேன், அவன் திரும்பிடுவான்'னான். நானும் போயிட்டு வான்னுட்டேன். என் சர்வீஸ்ல நான் செஞ்ச தப்பு அது ஒண்ணுதான்."

என் பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

நான் பார்க்கவில்லை என்று தம்பிக்குத் தெரியும். குப்புறக் கிடந்து, "நீ பாத்தல்ல" என்று கேட்டபோதே தெரியும். தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு வருஷமும் என் பொய்யைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தண்டனை கொடுத்தானா, இல்லை நான் பார்த்ததாகவே இருக்கட்டும் என்று ஆசைப்பட்டானா? கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டு முடித்துக் கரும்பைக் கடித்துக்கொண்டே கேட்டான். "எப்படிண்ணா போச்சு?"

"நான் பாக்கலடா" என்றேன்.

"தெரியும்ணா" என்றான். கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு, "சொல்லு" என்றான்.

அன்று நான் உண்மையில் பார்த்தது ஒன்றுதான். அந்த பஸ்ஸையும், ஜன்னலோரத்து அம்மாவின் கண் நகர்ந்ததையும், அவர் பையைப் பிடித்துக்கொண்டு எழுந்ததையும் சொன்னேன். அவன் கரும்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அந்தம்மா சிரிச்சாங்களா?"

அதற்குள் நான் உன் பக்கம் திரும்பிவிட்டேன், மறுபடி பார்த்தபோது கேட் திறந்து பஸ் போய்விட்டிருந்தது என்றேன்.