பெரியம்மாவின் கொப்பியில் முதல் வசனம்

நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து என் மகளுக்கு ஒரே கதைதான். "சும்மா இருந்து மனசப் போட்டு வருத்தாம, நடந்ததுகள எழுதுங்களன் உம்மா" என்கிறாள். கொப்பி வாங்கி மூன்று மாதமாகிறது. அழுகைக் கதை எனக்கு எழுத வராது. பெருமையடிக்க நன்றாக வரும். ஆகவே என் வாழ்நாளின் மிகப் பெரிய சாதனையிலிருந்தே தொடங்குகிறேன். அது எனக்குப் பத்து வயதில், கல்முனைக்குடிக் கடற்கரையில் நடந்தது. அதற்குப் பிறகு அவ்வளவு பெரிதாக நான் ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் வளவில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று உம்மாவுக்கு, மற்றது உம்மாவின் ராத்தாவான என் பெரியம்மாவுக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். ஆண்கள் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா தங்கை இருவருக்கும் நடுவில் பிறந்த மாமாவும் அப்படிப் போனவர்தான். போனாலும், எங்கள் வளவில் ஒரு வாசல் படலை மாற்றுவதென்றாலும் மாமா வந்து தீர்மானிக்க வேண்டும். நல்ல மனிதர். என்ன, தனக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வார். அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருப்பதாக வீட்டில் சொல்வார்கள்.

பெரியம்மாவுக்கு அப்போது அறுபது நெருங்கியிருக்கும். கணவர் மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்து, பெட்டியில் இருந்த காணி உறுதி முதல் எல்லாம் மழையில் ஊறிப்போன அடுத்த மாதம்தான் அவர் ஒரு கொப்பி வாங்கச் சொன்னார். அதன் பிறகு தினமும் விடியற்காலை ஸுபஹுத் தொழுகை முடிந்ததும் பாயிலேயே இருந்து எழுதுவார். வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம், புள்ளியும் குறியும் போட்டு, அரபு எழுத்து. அரபு எழுத்தென்றால் குர்ஆன் ஓதல்தானே? பெரியம்மா துஆப் பிரார்த்தனைகளைப் பார்த்து எழுதுகிறார் என்று வளவே முடிவு கட்டிவிட்டது. நான் பக்கத்தில் போனால் உம்மா விரட்டுவார்: "ராத்தா ஓதல் எழுதுறா. அங்கால போ, புள்ள." ஒருநாள் அந்தக் கொப்பி கீழே விழுந்தபோது நான் அதை எடுத்து முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றி வைத்தேன். பெரியம்மா சிரித்தார். ஏன் சிரித்தார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருடம் நோன்புக்கு முன்னர் வீடு துப்புரவாக்கினோம். பழுதடைந்த குர்ஆன் தாள்களையும் கிழிந்த ஓதல் புத்தகங்களையும் நாங்கள் குப்பையில் போடுவதில்லை, காலில் படவும் விடுவதில்லை. வெள்ளைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, கல் வைத்து, தோணியில் கொண்டுபோய் ஆழக் கடலில் விடுவோம். தாள்களைப் பொறுக்கும் வேலையை அந்த முறை என்னிடம் தந்தார்கள். நான் கை கால் முகம் கழுவி ஒளு எடுத்து, முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு தாள் விடாமல் பொறுக்கினேன். பெரியம்மாவின் தலைமாட்டில் இருந்த கொப்பியின் மட்டையைக் கரப்பான் அரித்திருந்தது. ஓதலைக் கரப்பான் தின்ன விட்டால் பாவம் யாருக்கு? கொப்பியையும் பொட்டலத்துக்குள் வைத்தேன். அவ்வளவு நன்மையும் எனக்கே என்று நினைக்க நெஞ்சு குளிர்ந்தது. மாமா வந்து நபியின் மேல் ஸலவாத்துச் சொல்லி முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பெரியம்மாவின் குரல் கேட்டது.

"என்ட கொப்பி எங்க?"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. நான் நடந்ததைச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். பெரியம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு வெறுங்காலோடு படலையைத் திறந்துகொண்டு ஓடினார். வளவை விட்டு வெளியே போக நான்கு தரம் யோசிக்கிற மனுசி, நடுத்தெருவில் ஓடினார். பின்னால் நான் அழுதுகொண்டு ஓடினேன்.

கடற்கரையில் தோணியைத் தள்ளுவதற்கு நான்கு பேர் தோள் கொடுத்து நின்றார்கள். பொட்டலம் மாமாவின் கையில் இருந்தது.

"தம்பி, அதுக்குள்ள என்ட கொப்பி ஒண்டு இரிக்கி. அவிழ்த்துத் தா."

"என்ன ராத்தா கதைக்கிறீங்க? ஓதி முடிச்சுப் போட்டா போட்டதுதான். கடலுக்கெண்டு கட்டினத அவிழ்க்கலாமா?"

"அது ஓதல் இல்ல. நான் எழுதின என்ட கதை."

மாமா தோணிக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு ஓதத்தான் தெரியும். எழுத எங்க தெரியும், ராத்தா?"

பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அவிழ்த்துப் பாரு. நான் வாசிச்சா, மனப்பாடமாச் சொல்றா எண்டுவாய். இந்தப் புள்ள வாசிக்கட்டும். ஓதலெண்டு கண்டா நீயே கடல்ல போடு, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

தோணிக்காரர்களில் வயதான ஒருவர், "ஓம், பாத்தா என்ன குறைஞ்சா போகும்?" என்றார். மாமா வேண்டாவெறுப்பாக முடிச்சை அவிழ்த்தார். கொப்பி என் கைக்கு வந்தது.

அரபு எழுத்தைப் பார்த்தால் எனக்கு ஒரே வழிதான் தெரியும். பிஸ்மி சொல்லி, தலையை ஆட்டி, குர்ஆன் மத்ரஸாவில் ஓதுகிற அதே ராகத்தில் இழுத்து ஓதத் தொடங்கினேன். சில எழுத்துகளில் நான் எந்த ஓதலிலும் காணாத புள்ளிகள் இருந்தன. அங்கே தடுக்கி, திரும்பப் பிடித்தேன். "நா...ன்... கைநா...ட்டுக்...காரி... இல்ல."

ஓதியது எனக்கே விளங்கியது! யா அல்லாஹ், அது தமிழ்! அரபு எழுத்தில் பெரியம்மா எழுதியிருந்தது தமிழ். ஐந்து வருடமாக நான் ஓதிய எந்த எழுத்தும் எனக்கு அர்த்தமாகவில்லை. அன்றைக்குத்தான் என் வாயிலிருந்து வந்தது என் காதுக்கு விளங்கியது. சந்தோசம் தாங்காமல் இன்னொரு தரம், இன்னும் நீட்டி, கடல் இரைச்சலுக்கு மேலாகக் கேட்க ஓதினேன். "நான் கைநாட்டுக்காரி இல்ல!"

ஒருவரும் சிரிக்கவில்லை. தோணிக்காரர்கள் பெரியம்மாவைப் பார்த்தார்கள். மாமா மணலைப் பார்த்தார். அவருடைய முகம் ஒரு மாதிரியாக இருந்தது. என் ஓதல் அவருடைய கல்பைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன்.

நான் அடுத்த வசனத்தில் விரலை வைத்து மூச்சை இழுத்தேன். பெரியம்மா கொப்பியின் மேல் கையை வைத்தார்.

"காணும் மகள்."

"இன்னும் ஒண்டு வாசிக்கிறன், பெரியம்மா."

"காணும். மத்தது எனக்கும் அல்லாவுக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. அவ்வளவு பேர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், இந்த மனுசி என் வாயை அடைக்கிறாரே! ராகம் பிழைத்துவிட்டதோ என்ற சந்தேகமும் வந்தது. மாமா தன் கை ஈரத்தைச் சாறனில் துடைத்துவிட்டு, கொப்பியை என்னிடமிருந்து வாங்கி, இரண்டு கையாலும் பெரியம்மாவிடம் நீட்டினார். வீடு போய்ச் சேரும்வரை நான் சிணுங்கிக்கொண்டே நடந்தேன்.

சில வருடங்கள் கழித்து பெரியம்மா தன் வீட்டை என் பெயருக்கு எழுதினார். உறுதிப் பத்திரம் எழுத வந்த நொத்தாரிசு பழக்கதோஷத்தில் கைநாட்டுக்கான மைப்பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். மாமா அதை மூடி அப்பால் தள்ளிவிட்டார். "பேனையக் குடுங்க. ராத்தா எழுதுவா." பெரியம்மா வலப்பக்கத்திலிருந்து தன் பெயரை எழுதினார், புள்ளி ஒன்றுகூடப் பிசகாமல். அவருக்கு எழுதத் தெரியும் என்று முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று மேசையைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் சொன்னேன். அவர்களும் தலையாட்டினார்கள்.

மாமா மௌத்தான பிறகுதான் பெரியம்மா கொப்பியை என் கையில் தந்தார், அதற்கு முதல் நாள் கேட்டிருந்தாலும் தந்திருக்க மாட்டார். பிறகு அவரும் போய்விட்டார். இன்று காலையில் என்னுடைய கொப்பியைத் திறந்து, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், அவருடையதை எடுத்துப் பார்த்தேன். அன்றைக்கு நான் விரல் வைத்த இரண்டாவது வசனம் அதே இடத்தில் இருக்கிறது. இப்போது ராகமில்லாமல், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்க வாசித்தேன்.

"காணி உறுதி எழுதக்குள்ள எழுதத் தெரியுமா எண்டு என்னக் கேட்டாங்க, நான் வாய் திறக்க முந்தி என்ட தம்பி தெரியாதெண்டு சொல்லி என்ட பெருவிரலப் புடிச்சு மையில வெச்சிட்டான், சபையில அவன்ட சொல்லு விழக் கூடாதெண்டு நான் பேசாம இருந்திட்டன்."