இரண்டு மூடி ஆயில்

எங்கள் வண்டி புகை விட ஆரம்பித்தபோது முதலில் சண்டைக்கு வந்தவர் எதிர்வீட்டு அம்மாள்தான். அவருடைய மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் உப்பளம் பகுதியில் எங்கள் தெருவுக்கு அது 'சொல்தா' வீடு, அதாவது சிப்பாய் வீடு. காலையில் அவர் துணியெல்லாம் கொடியில் போட்டுவிட்டு நிமிர்வதற்கும், அப்பா வண்டியை உதைப்பதற்கும் சரியாக இருக்கும். வெள்ளையாக ஒரு புகைமண்டலம் எழும்பி அவர் வீட்டுப் போர்வைகளின் மேல் உட்காரும். தெருப் பிள்ளைகள் "கொசு மருந்து, கொசு மருந்து" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். நான் பின்சீட்டில் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வேன். புகைக்காகக் குனிகிறேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. அம்மா போனபின் வீட்டில் அப்பாவும் நானும்தான். அவர் வேலை பார்த்த நூல் மில் அவரைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற வேலை கிடைத்ததும், போய்வர ஒரு பழைய வண்டி வாங்கினார். போகிற வழியில் என்னைத் தட்டாஞ்சாவடியில் என் ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுவார். வழியெல்லாம் முகத்தைப் பாதி திருப்பி ஏதாவது பேசிக்கொண்டே வருவார். காற்றில் பாதி எனக்குக் கேட்காது. "ம்" போடுவேன். எங்களுக்குள் பேச்சு என்று நடந்ததே அந்த நேரத்தில்தான்.

அது டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். ஆயில் குறைந்தால் என்ஜின் சூடேறி இறுகிப்போகும், கூடினால் புகையும். பங்க்கில் கலந்து தருகிற ஆயிலை அப்பா நம்ப மாட்டார். தனியாக டப்பா வாங்கி மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார். பெட்ரோல் போட்டு வீட்டுக்கு வந்ததும், இருமல் மருந்து மூடியால் அளந்து, லிட்டருக்கு இரண்டு மூடி ஊற்றி வண்டியை ஒரு ஆட்டு ஆட்டுவார்.

ஒருநாள் மறந்துவிட்டார். சேதராப்பட்டு ரோட்டில் என்ஜின் இறுகி, பின்சக்கரம் சட்டென்று நின்றுவிட்டது. நல்ல வேளையாக மெதுவாகப் போயிருக்கிறார். உள்ளங்கை தேய்ந்ததோடு சரி. சூடு ஆறியதும் வண்டி மறுபடி கிளம்பிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை. அதற்கு முன்பும் அவர் சாம்பாரில் இரண்டு தடவை உப்பு போட்டிருக்கிறார், மார்க்கெட்டில் வண்டியிலேயே சாவியை விட்டிருக்கிறார். அதையெல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன்: அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது.

"ஆயில் ஊத்திட்டீங்களாப்பா?" என்று மறுவாரம் கேட்டேன்.

"ஒருவாட்டி மறந்தா ஆயுசுக்கும் மறப்பனா? மில்லுல மெஷினுக்கு எண்ணெ போட்டுக்கினே பொழுத ஓட்டினவன் நானு" என்று சிடுசிடுத்தார். அதன்பின் நான் கேட்கவில்லை.

கேட்காமல் செய்தேன். பெட்ரோல் போட்ட மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும், ஆணியில் தொங்கும் சாவியை எடுத்து, டேங்க்கைத் திறந்து, அதே டப்பாவிலிருந்து கண்திட்டமாக ஊற்றினேன். கொஞ்சம் கூடினால் என்ன, குறைந்தால்தானே ஆபத்து? சாமிக்கு நேர்ந்துகொண்டதைச் செய்கிற மாதிரி மனதுக்கு நிம்மதியாக இருந்தது. எனக்கு என் மேல் ஒரு பெருமைகூட இருந்தது, சொல்வதற்கென்ன.

புகை கிளம்பியது. எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் ஆயில் கூடினால் புகையும் என்று அப்பாவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பழைய வண்டி புகையத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டேன். அதுதான் வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கிடம் போனோம். அவர் கார்ப்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஜெட்டை வாயால் ஊதி, வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிப் பார்த்து மாட்டினார். ஸ்க்ரூவைத் திருகித் திருகி உறுமலைச் சரிசெய்தார். இரண்டு நாள் கழித்தும் அதே புகை. மறுபடி போனோம். இந்தத் தடவை சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்தார். விரல் பிசுபிசுவென்று கருப்பாக வந்தது. பிளக்கைக் கழற்றினால் அதுவும் நனைந்திருந்தது.

"கார்ப்பரேட்டரு கோளாறுன்னா பொக கருப்பா வரணும். இது வெள்ளையா வருது. ஆயிலு எரியுது. எவ்ளோ ஊத்துறீங்க பெரியவரே?"

"லிட்டருக்கு ரெண்டு மூடி."

"அதுக்கு இவ்ளோ பொக வராதே."

"ரெண்டே மூடிதான் தம்பி. மூணாவது மூடி என் கை தொட்டதில்ல."

அவர் சொன்னது உண்மை. நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி. 'நானும் ஊற்றுகிறேன்' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் 'உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் ஊற்றினேன்' என்பதும் அதோடு சேர்ந்து வருமே! அதை ஒரு மெக்கானிக்கின் முன்னால், மில்லில் எண்ணெய் போட்ட மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஊற்றுவதை நிறுத்திவிடலாம், புகை தானாக அடங்கிவிடும், யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன். கணக்கு எழுதித்தானே சம்பளம் வாங்குகிறேன்.

"அப்போ உள்ள கிராங்க் சீல் போயிருக்கும். கியர் ஆயிலு கசிஞ்சி உள்ள வருது. என்ஜினப் பிரிக்கணும்" என்றார் மெக்கானிக், பாவம். அப்பா சொன்னதை அவர் நம்பினார். நம்பியவருக்குக் கிடைத்த விடை அது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேராக மாடிப்படிக்குக் கீழே போனார். ஆயில் டப்பாவைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். 

"இப்பதான வாங்கினேன் இத? அதுக்குள்ள அடியில கெடக்குதே." பிறகு என்னைப் பார்த்தார். "நீ எதுக்காச்சும் எடுத்தியாம்மா?"

"நான் எதுக்குப்பா எடுக்கப்போறேன்? எனக்கு அந்த வாசனையே ஆகாது."

எவ்வளவு சரளமாக வந்தது! இன்றைக்கும் அந்தக் குரலை நினைத்தால் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அப்பா தலையாட்டினார். டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாளிலிருந்து நான் ஊற்றவில்லை. ஆனால் டேங்க்கில் இருந்ததும் சைலன்சருக்குள் படிந்திருந்ததும் எரிந்து தீர வேண்டுமே. புகை நிற்கவில்லை. பொறுங்கப்பா, பொறுங்க, இன்னும் சில நாள் என்று மனதுக்குள் அவரைக் கெஞ்சினேன். மனதுக்குள் கெஞ்சினால் யாருக்குக் கேட்கும்? ஒரு சாயங்காலம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கம்பெனியில் மெஷின் ஓட்டும் ஒருவரிடம் வண்டியை விலைக்குக் கொடுத்துவிட்டாராம்.

"ஏம்ப்பா?"

"என்ஜினப் பிரிச்சிப் பாத்திருக்கலாந்தான். ஆனா டப்பாவப் பாத்தனே, அப்பவே தெரிஞ்சிபோச்சி. ஊத்துனத மறந்துட்டு மறுபடி மறுபடி ஊத்தியிருக்கேன். ஆயில மறக்கறவன் நாளைக்கி பிரேக்க மறப்பேன். ஒன்னப் பின்னால உக்கார வெச்சிக்கினு ஓட்ட பயமா இருக்கும்மா."

அவர் விழக்கூடாது என்று நான் ஊற்றினேன். நான் விழக்கூடாது என்று அவர் விற்றுவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அந்தக் குரங்கைப் பிடித்தவள் நான்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குள் அவர் மாறிக்கொண்டிருந்தார். கேஸை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று திரும்பி வந்து பார்ப்பார். பூட்டிய பூட்டைப் பிடித்து இழுத்துவிட்டுத் தெருமுனை வரை போய், மறுபடி வந்து இழுப்பார். "பிரஷர் மாத்திர போட்டனா?" என்று என்னைக் கேட்பார். போட்டிருப்பார். கவனித்துப் பார்த்தேன். ஒருநாளும் எதையும் மறக்கவில்லை. மறந்துவிட்டோமோ என்ற பயம் மட்டும் எப்போதும் கூடவே இருந்தது.

ஒருநாள் வேலைவிட்டு வந்தவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வண்டிய இன்னிக்கி பாத்தேன் பாப்பா. ஒரு பொட்டு பொக இல்ல. வாங்கினவங்கிட்ட என்ஜினப் பிரிச்சியான்னு கேட்டேன். ஒண்ணும் பண்ணலியாம். லிட்டருக்கு ரெண்டு மூடி ஊத்தறானாம், அவ்ளோதான்." சிரித்தார். "வண்டில ஒரு கோளாறும் இல்ல. எல்லாம் எங்கிட்டதான்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குளிக்கப் போனது, சாவி எடுத்தது, கண்திட்டமாக ஊற்றியது, மெக்கானிக்கிடம் வாயை மூடிக்கொண்டு நின்றது, எல்லாம். "நீங்க எதையும் மறக்கலப்பா. நாந்தான் ஊத்தினேன். ரெண்டு பேரும் ஊத்தியிருக்கோம்."

அப்பா நிதானமாகக் கேட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார்.

"நீயா ஊத்தின? ஒனக்கு அந்த வாசனையே ஆவாதுன்னு நீதான சொன்ன?"

"அது பொய்ப்பா."

"போதும்மா. அப்பன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற. எனக்குத் தெரியாதா? சின்னப்புள்ளேர்ந்து நீ பொய் சொன்னா ஒம் மொகத்துலயே தெரிஞ்சிடும்."

உள்ளே போய் மாத்திரை டப்பியை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"இனிமே இத நீயே வெச்சிக்கினு குடு. என்ன நம்பாத."