இரண்டு பக்கமும் கேட்கிற மைக்

படவேட்டிலிருந்து மலைக்கு ஏறுகிற வழியில் கரும்பாலை வைத்திருந்த குடும்பத்தில் ராஜாக்கண்ணு கடைசிப் பிள்ளை. அண்ணன்மார் வெல்லம் காய்ச்சினார்கள். இவனுக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளவில்லை. போளூரில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம் தொழில் கற்றுக்கொண்டான். பிறகு பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்று, புனல் ஸ்பீக்கர் இரண்டு, மைக் இரண்டு என்று சேர்த்துக்கொண்டு எழுபதுகளின் தொடக்கத்தில் மைக்செட் போட ஆரம்பித்தான். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, ஆடி வெள்ளி என்று அடிவாரத்து ஊர்களில் அவனுக்கு ஓய்வே இருக்காது.

மலைமேல் ஊர்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். அங்கே அப்போது கரண்ட் கிடையாது; லாரி பேட்டரியை வைத்துத்தான் செட்டை ஓட்ட வேண்டும். அதை மேலே கொண்டுபோவதுதான் பெரும்பாடு. முதல் தடவை அவன் ஏறியபோது, சாமான் தூக்க ஊர்க்காரர்கள் அனுப்பிய ஆள் தீர்த்தகிரி. சாமையும் கேழ்வரகும் விதைக்கிற மலை விவசாயி, இவன் வயசுதான். பேட்டரியை ஒரு முறை பார்த்தான், துண்டைச் சும்மாடாகச் சுற்றினான், தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே ஏறினான். ஊர் போய்ச் சேர்ந்து இறக்கிப் பார்த்தால், ஆசிட் கசிந்து துண்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. ராஜாக்கண்ணு பதறிப்போனான்.

"தலைல பட்டுச்சாப்பா?"

"முடி போனா மொளைச்சிக்கும். உன் பொட்டிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றான் தீர்த்தகிரி.

அன்று சாயங்காலம் பூசை முடிந்ததும் தீர்த்தகிரியும் அவன் மனைவி சாந்தம்மாளும் பாட எழுந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் எதிரும் புதிருமாக நின்றார்கள். அவன் கேள்வி கேட்பான், அவள் பதில் சொல்வாள். எல்லாம் பாட்டிலேயே.

"சாமக் கொல்லையில சத்தம் போட்டது ஆரு?" என்று அவன் இழுத்தால், "சத்தம் கேட்டும் தெரியாத ஆளு கிட்ட வந்து பாரு!" என்று அவள் வெட்டுவாள். அவன் மீசையைத் தொட்டால் அடுத்த பதில் மீசையைப் பற்றியே இருக்கும். அவன் ஒரு அடி பின்வாங்கினால் அதற்கும் ஒரு வரி வரும். கொல்லைக்குக் கொல்லை கூப்பிட்டுப் பழகிய குரல்கள். மைக் இல்லாமலே அடுத்த சரிவுக்குக் கேட்கும்.

மைக் ஸ்டாண்டு வழியில் உடைந்து போயிருந்தது. அதனால் ராஜாக்கண்ணுவே மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு இருவருக்கும் நடுவில் நின்றான். தீர்த்தகிரி பாடும்போது அவன் வாய்க்கு நேராக, அவள் பாடும்போது அவள் வாய்க்கு நேராகத் திருப்பித் திருப்பிக் கை கடுத்துவிட்டது. ஆனாலும் வாழ்க்கையில் அவ்வளவு சிரித்த நாள் அவனுக்கு வேறொன்று நினைவில்லை. ஊர் திரும்புவதற்குள் சாந்தம்மாள் அவனை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அதனால் தீர்த்தகிரி மச்சான் ஆனான். அதற்குப் பிறகு அந்த ஊர்த் திருவிழாவுக்கு வேறு செட் போனதில்லை.

எண்பதுகள் வந்தன. ஊரெல்லாம் டேப் ரெக்கார்டர் வந்தது. கோயில் கடைத்தெருவில் பொரி, குங்குமம், வளையலோடு கேசட்டும் தொங்க ஆரம்பித்தது. எல்லாம் மெட்ராஸிலிருந்து வந்த சரக்கு. நம் பக்கத்துக் குரலை நாமே ஏன் பதிவு பண்ணி விற்கக்கூடாது என்ற எண்ணம் ராஜாக்கண்ணுவுக்கு வந்தது. வந்தபோது அவன் மனசில் கேட்டது அந்த இரண்டு பேரின் குரல்தான். அதை மட்டும் அவன் பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை.

ஓடாமல் கிடந்த கரும்பாலைக் கொட்டகையில் ஒரு பகுதியைத் தடுத்துச் சுவர் எழுப்பினான். உள்ளே சாக்கும் கயிற்றுப் பாயும் அடித்து எதிரொலியை அடக்கினான். வாசலில் 'ராஜா ரெக்கார்டிங்' என்று பலகை மாட்டினான். டேப் டெக்கும் மிக்சரும் வேலூரில் கிடைத்துவிட்டன. நல்ல மைக்குக்கு மட்டும் மெட்ராஸ் போக வேண்டியிருந்தது.

மவுண்ட் ரோட்டுக்குப் பின்புறம் ஒரு சந்தில் ஆதிநாராயணன் என்ற பெரியவர் கடை வைத்திருந்தார். ராஜாக்கண்ணு வந்த விஷயத்தைச் சொன்னதும் மேஜைமேல் மூன்று மைக்கை எடுத்து வைத்தார். ஒன்று மேடையில் பிடிக்கிற சாதாரண மைக். அதுபோல இரண்டு அவனிடமே இருந்தன. இன்னொன்று உள்ளே பேட்டரி போட்டு ஓடுகிற கண்டென்சர் மைக், புத்தம் புதுசு, வெல்வெட் வைத்த பெட்டியில் படுத்திருந்தது. மூன்றாவது, மூடிப்போன ஏதோ ஸ்டுடியோவிலிருந்து வந்த ரிப்பன் மைக். கனம் கையை இழுத்தது. மேலே சாயம் உரிந்திருந்தது.

"யார் பாடப்போறாங்க?" என்று கேட்டார் பெரியவர்.

"எல்லாருந்தாங்க."

"எல்லாருக்கும் ஒரு மைக் கிடையாதுப்பா. எப்படிப் பாடுவாங்கன்னு சொன்னா எடுத்துத் தர்றேன்."

ராஜாக்கண்ணு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்தான். கண்டென்சர் மைக்கில் பேசியபோது அவனுக்கே உடம்பு சிலிர்த்தது. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல்போல அவன் குரல் கேட்டது. எச்சில் விழுங்கியது கூடத் தெளிவாகக் கேட்டது. பெரியவர் அந்தப் பழைய மைக்கைத் தட்டிக்காட்டினார்.

"இது பார்க்க நல்லா இருக்காது. ஆனா முன்னாலயும் கேக்கும், பின்னாலயும் கேக்கும். பக்கவாட்டுலதான் கேக்காது. ரெண்டு பேர் எதிரெதிர நின்னு பாடலாம்."

"எதிரெதிர நின்னு எதுக்குங்க பாடணும், சண்டையா?" என்று ராஜாக்கண்ணு சிரித்தான்.

பெரியவரும் சிரித்துவிட்டு அதை எடுத்து உள்ளே வைத்தார். அந்த நேரத்தில் தீர்த்தகிரி முகமோ சாந்தம்மாள் முகமோ அவன் நினைவுக்கு வரவேயில்லை. தன் குரல்தான் காதில் நிறைந்திருந்தது. வெல்வெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

ஆடி மாதத்துக்கு முன்பே கேசட் வெளிவர வேண்டும் என்று வைகாசியில் பதிவுக்கு நாள் குறித்தான். வேலூரிலிருந்து ஆர்மோனியமும் டோலக்கும் வந்தன. தீர்த்தகிரியும் சாந்தம்மாளும் மலையிலிருந்து காலையிலேயே இறங்கி வந்துவிட்டார்கள். அவள் புதுப் புடவை கட்டியிருந்தாள். மைக்கைப் பார்த்துக் கும்பிடு போட்டாள்.

தகராறு முதல் வரியிலேயே வந்தது. அவள் குரல் எழும்பியதும் மிக்சரில் சத்தத்தைக் காட்டுகிற முள் சிவப்புக்குத் தாவியது. டேப்பில் கிழிந்த துணிபோலப் பதிவானது. பின்னால் தள்ளி நிற்கச் சொன்னான். தள்ளி நின்றால் கொட்டகை ஓட்டின்மேல் காக்கை உட்காரும் சத்தம்கூட உள்ளே வந்தது. மெதுவாகப் பாடச் சொன்னான். அவள் மெதுவாகப் பாடினால் அது பாட்டாகவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மைக் தன் முன்னால் நிற்பவர்களுக்கு மட்டுமே காது கொடுத்தது. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துப் பாட வேண்டும். அவளோ ஒவ்வொரு பதிலுக்கும் புருஷன் பக்கம் திரும்பினாள். திரும்பினால் குரல் மறைந்தது.

"திரும்பாத சாந்தம்மா. மைக்கப் பாத்துப் பாடும்மா."

"அந்தாளு மூஞ்சியப் பாக்காம நான் இன்னாத்தண்ணா பதில் சொல்றது?" என்றாள் அவள். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

மத்தியானம் தாண்டியது. வேலூர்க்காரர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அலமாரியில் பழைய மேடை மைக் இரண்டும் தூசி படிந்து கிடந்தன. அவற்றை எடுத்து ஆளுக்கொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. திருவிழாவில் கத்துகிற சாமானை ஸ்டுடியோவில் வைப்பதா என்ற வீம்பும் இருந்திருக்கும். கடைசியில் தபால் ஆபீஸ்காரர் மகள் பூங்கோதையைக் கூட்டிவர ஆள் அனுப்பினான். கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் பாடி மைக் பழகிய பெண். சன்னக் குரல், சொன்ன இடத்தில் நிற்பாள்.

"நீ கொஞ்ச நேரம் வெளிய உக்காரும்மா. உன்ன வச்சித் தனியா இன்னொரு நாளு எடுத்துக்கலாம்" என்று சாந்தம்மாளிடம் சொன்னான்.

தீர்த்தகிரி முகம் சுருங்கியது. "அவ இல்லாம எப்படி மச்சான்?"

அவனைச் சமாதானம் பண்ணியது சாந்தம்மாள்தான். "அண்ணன் இவ்ளோ பாடுபட்டு ஏற்பாடு பண்ணிக்கீறாரு. பாடு போ." அதோடு நிற்கவில்லை. புளியமரத்தடியில் பூங்கோதையை உட்காரவைத்து, தன் பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். எங்கே இழுக்க வேண்டும், எங்கே வெடுக்கென்று நிறுத்த வேண்டும் என்று கையைத் தட்டிக் காட்டினாள். அந்தப் பெண் சிலேட்டில் எழுதுவதுபோல மனசில் எழுதிக்கொண்டு உள்ளே போனாள். ஒரே தடவையில் பதிவு முடிந்தது. முள் சிவப்பைத் தொடவேயில்லை.

ஆடியில் கேசட் நன்றாகப் போனது. அட்டையில் தீர்த்தகிரி படமும் பூங்கோதை படமும். 'இன்னொரு நாள்' என்று ராஜாக்கண்ணு சொன்னானே, அது வரவேயில்லை. முதலில் கேசட் போட்டுத் தள்ளுகிற வேலை; அப்புறம் மழை; அப்புறம் அறுப்பு. மலையில் திருவிழா வந்துவிட்டது. செட்டோடு போனவன் பெருமையாக அந்தக் கேசட்டையே முதலில் போட்டான். ஸ்பீக்கரில் தீர்த்தகிரி கேள்வி கேட்டான். யாரோ ஒரு பெண் பதில் சொன்னாள்.

"இன்னாடா தீர்த்தகிரி, புதுப் பொண்டாட்டி கீழ்நாட்டுக்காரியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். ஊரே சிரித்தது. சாந்தம்மாளும் சிரித்தாள். வாயைப் புடவையால் மூடிக்கொண்டு அவள் சிரித்ததை ராஜாக்கண்ணு பார்த்தான். கேசட் முடிந்ததும் அவன் அதை மறுபடி போடவில்லை.

பூசை முடிந்து இருவரும் பாட எழுந்தார்கள். தீர்த்தகிரி முதல் கேள்வியை இழுத்தான். அவள் வாயைத் திறந்தாள். வாய் திறந்தபடி நின்றது. கூட்டத்தில் பாதிப்பேர், கேசட்டில் கேட்ட அந்தப் பதிலைத் தாங்களே பாடிவிட்டார்கள். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"தொண்ட கட்டிக்கிச்சி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அடுத்த வருஷமும் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவள் இல்லாமல் தீர்த்தகிரியும் எழவில்லை. திருவிழாவில் வேறு ஆட்கள் பாடினார்கள், நன்றாகவே பாடினார்கள்.

சில வருஷம் கழித்துக் கண்டென்சர் மைக் கரகரக்க ஆரம்பித்தது. அதைத் தூக்கிக்கொண்டு ராஜாக்கண்ணு மெட்ராஸ் போனான். ஆதிநாராயணன் அதைப் பிரித்துத் துடைத்துக்கொண்டே, தொழில் எப்படிப் போகிறது என்று கேட்டார். ஏனோ அவரிடம் எல்லாவற்றையும் சொல்லத் தோன்றியது. சொன்னான். எதிரெதிராக நின்றுதான் பாடுவார்கள் என்றும் சொன்னான். சொல்லும்போதே, தான் அன்றைக்கு அடித்த கேலி அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அந்தப் பழைய மைக் இருக்குதுங்களா?"

"அது அப்பவே ஒருத்தர் வாங்கிட்டுப் போயிட்டார்ப்பா." பெரியவர் அவன் முகத்தைப் பார்த்தார். "இவ்வளவு சத்தமா பாடறவங்களுக்கு அது இல்லாட்டியும் பரவாயில்லை. சாதாரண மேடை மைக் ரெண்டு, ஆளுக்கு ஒண்ணு வச்சா போதும். அது கிட்ட இருக்கிறதை மட்டும்தான் வாங்கும், எவ்வளவு கத்தினாலும் தாங்கும்."

ஊர் வந்து சேர்ந்ததும் அவன் அந்த இரண்டு மைக்கையும் துடைத்து எடுத்தான். டேப் ரெக்கார்டரையும் தூக்கிக்கொண்டு மறுநாளே மலை ஏறினான். சாந்தம்மாள் முறத்தில் புளி ஆய்ந்துகொண்டிருந்தாள். தீர்த்தகிரி கயிற்றுக்கட்டிலை இழுத்துப் போட்டான். கேழ்வரகுக் களியும் காராமணிக் குழம்பும் வந்தன. ராஜாக்கண்ணு தின்று முடித்தான். பிறகு மைக்குகளை எடுத்து எதிரெதிராக வைத்துக் காட்டினான்.

"ஆளுக்கொண்ணு சாந்தம்மா. நீ மச்சான் மூஞ்சியப் பாத்தே பாடலாம். எவ்ளோ சத்தமா வேணும்னாலும் பாடு. கொட்டகைக்கெல்லாம் எறங்கி வர வேணாம், இங்கயே எடுத்துக்கலாம்."

அவள் கொட்டையும் நாரும் பிரிப்பதை நிறுத்தவில்லை. "இப்ப எதுக்குண்ணா அது."

"ஒரே ஒரு பாட்டும்மா."

"வரமாட்டேங்குதுண்ணா. முந்தியெல்லாம் அந்தாளு வாயத் தொறந்தா எனக்குத் தானா வந்துடும். இப்ப கேள்வி கேட்டா, அந்தப் பொண்ணு சொன்னதுதான் முன்னால வந்து நிக்குது. அது நான் சொல்லிக் குடுத்ததுதான. அதுக்கு மேல வேற ஒண்ணும் தோண மாட்டேங்குது."

தீர்த்தகிரி கூரையில் சொருகியிருந்த அரிவாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி சொருகினான். ராஜாக்கண்ணு சொன்னான்: "தப்பு என்னுதும்மா. அன்னிக்கி உன்ன வெளிய உக்காரச் சொல்லியிருக்கக் கூடாது."

"வுடுங்கண்ணா. ஊருக்கு ஒரு பாட்டு ஆச்சில்ல," என்றாள். திரும்பும்போது ஒரு கூடை சீத்தாப்பழம் கொடுத்தனுப்பினாள்.

அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் கடைசி வரைக்கும் திட்டவில்லை. ரெக்கார்டிங் கொட்டகையை அவன் மெல்ல மெல்ல மூடிவிட்டு மறுபடி முழு நேரமாக மைக்செட்டுக்கே திரும்பினான். அந்தக் கேசட்டைப் போடுவதை நிறுத்திப் பார்த்தான். அதற்குள் வேறு யார் யாரோ நகல் எடுத்து பஸ் ஸ்டாண்டு கடைகளில் விற்க ஆரம்பித்திருந்தார்கள். ஒன்றும் பண்ண முடியவில்லை.

அந்த மலை ஊருக்குக் கரண்ட் வந்த வருஷம் திருவிழா பெரிசாக நடந்தது. செட் கட்டி முடித்து, சாமிப் பாட்டு இரண்டு ஓடி நின்றது. சாந்தம்மாள் தன் மகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, அந்தக் கேசட்டப் போடுங்க. பசங்க ஆடணும்ங்குதுங்க."

"அத நான் கொண்டாரலம்மா."

"எங்க வூட்ல இருக்குது," என்று அவளே போய் எடுத்துவந்து கொடுத்தாள். அட்டையில் படம் வெளுத்திருந்தது. வாங்கிப் போடுவதைத் தவிர அவனுக்கு வழியில்லை. தீர்த்தகிரி குரல் இளமையாக எழுந்தது. பூங்கோதை சன்னமாகப் பதில் சொன்னாள். பிள்ளைகள் புழுதி பறக்க ஆடின. சாந்தம்மாள் தாளம் போட்டபடி அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள், உதடு அசையவில்லை.

ராஜாக்கண்ணு ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்து, யாரும் பார்க்காமல் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான்.

"ஏத்து மச்சான், இங்க ஒண்ணும் கேக்கல!" என்று தூரத்தில் கல்லடுப்பு மூட்டிக்கொண்டிருந்த தீர்த்தகிரி கத்தினான்.

அவன் ஏற்றினான்.