காரணம்: தெரியவில்லை

நீலமேகம் சார் இறந்துவிட்டார். நேற்று காலை நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

பெரம்பலூரில் எங்கள் காலனியில் பாதி வீட்டு கம்ப்யூட்டர்களை ஒரு காலத்தில் அவர்தான் பார்த்தார். குரும்பலூரிலிருந்து வண்டியில் வருவார். சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையத்தில் ஏழெட்டு பென் டிரைவ் மாட்டியிருப்பார்.

என் வீட்டுக்காரருக்கு ஆலத்தியூர் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை. அவரோடு கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களும் எங்களைப் போன்ற வீட்டுக்காரிகளும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் நேற்றிலிருந்து ஒரே கும்பிடு, கண்ணீர், பூ. "தங்கமான மனுஷன்"... "அவரு கை வச்சா சரியாயிடும்"...

மேலே படிக்கப் பிடிக்கவில்லை.

மூன்று வருஷமாக இவர்களில் ஒருத்தர்கூட அவரை வீட்டுக்குள் விடவில்லை. "அந்தாளே வைரஸைப் போட்டுட்டுப் போவான், அப்பத்தான மறுபடி கூப்புடுவோம்" என்று சொன்ன அதே வாய்கள். ச்சீ.

அந்தப் பேச்சு கிளம்பியது எங்கள் வீட்டிலிருந்து. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் தடவை அவர் வந்தபோது எங்கள் சிஸ்டம் ஆன் ஆகவே கால் மணி நேரம் ஆகும். என் வீட்டுக்காரர் ஒன்றுக்கு மூன்றாக ஆன்டிவைரஸ் போட்டு வைத்திருந்தார். மூன்றும் மாறி மாறி "ஆபத்து" என்று சிவப்பாகக் கத்தும்.

"ஒரு கேட்டுக்கு மூணு வாட்ச்மேன் போட்டுருக்கீங்க சார். அவனுங்க ஒருத்தன ஒருத்தன் புடிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க" என்று சிரித்துக்கொண்டே இரண்டைத் தூக்கினார். அப்புறம் சிஸ்டம் பறந்தது.

எந்த சாஃப்ட்வேர் கேட்டாலும், "எதுக்குங்க? என்ன வேலை செய்யப் போறீங்க?" என்றுதான் முதலில் கேட்பார். காசு கட்டாமல் திருட்டுத்தனமாக ஓட வைக்கும் கிராக் மட்டும் போடவே மாட்டார். எத்தனை கெஞ்சினாலும்.

வேலை முடிந்ததும் டெஸ்க்டாப்பில் "படிக்கவும்" என்று ஒரு நோட்பேட் ஃபைல் வைத்துவிட்டுப் போவார். தேதி, கோளாறு, காரணம், என்ன செய்தேன்... நாலே வரி. யாரும் படித்ததில்லை. "டாக்டர் சீட்டு எழுதிட்டாருய்யா" என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

அப்புறம் என் நாத்தனார் மகள் காதுகுத்து வந்தது. பத்திரிகையை நானே டிசைன் செய்கிறேன் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அளந்துவிட்டேன்.

நீலமேகம் சாரிடம் போட்டோ சாஃப்ட்வேர் கேட்டேன். இலவசமாகக் கிடைக்கும் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, "காதுகுத்துப் பத்திரிகைக்கு இது தாராளமாப் போதும் மேடம்" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய ஸ்டுடியோவில் வைத்திருப்பதுதான் வேண்டும்... அத்தனை திமிர்.

மறுநாள் ஒரு வீடியோவைப் பார்த்து கிராக் டவுன்லோட் செய்தேன். "முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்கள்" என்று அதில் சொன்னான். வாட்ச்மேனை நானே அனுப்பி வைத்தேன்.

மதியத்துக்குள் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. என் மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் பூட்டிக்கொண்டன.

நீலமேகம் சார் ஓடி வந்தார். அறை வாசலில் என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? நீங்க கை வச்சுட்டுப் போன மறுநாளே எப்படிங்க புட்டுக்கும்?"

சார் டவுன்லோட்ஸ் போல்டரைத் திறந்தார். நான் இறக்கிய ஃபைல் முதல் வரிசையில் இருந்தது, தேதியோடு.

மவுஸ் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஃபைலை அழித்தார். போல்டரை மூடினார். "எங்கேருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியலைங்க சார்" என்றார்.

பழைய மெமரி கார்டுகளைத் தேடச் சொல்லி, அதிலிருந்து பாதிப் படங்களை மீட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். ஆலத்தியூர் போய்ச் சேர்வதற்குள் நீலமேகம் சார் கதை முடிந்துவிட்டது. நான் வீட்டில் வாயை மூடிக்கொண்டு சோறு ஆக்கினேன்.

ஒரு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் அவரைப் பார்த்தேன். போன் திரைக்கு ஸ்கிரீன் கார்டு ஒட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு மனுஷன், இருபது வயசுப் பையன்களோடு வரிசையாக ஸ்டூலில்...

"இப்ப வூடுகளுக்குப் போறதில்லைங்க மேடம். யாரும் கூப்புடுறதில்ல" என்றார். என் போனை வாங்கித் துடைத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டினார்.

கொடுக்கும்போது கேட்டார்: "காதுகுத்துப் பத்திரிகை நல்லா வந்துச்சாங்க?"

வந்துச்சு சார் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. எனக்கே என்னைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது.

இன்று அந்தப் பழைய சிஸ்டத்தை ஆன் செய்தேன். "படிக்கவும்" இன்னும் டெஸ்க்டாப்பில் இருக்கிறது. முதல் தடவையாகப் படித்தேன்.

கோளாறு: வைரஸ். காரணம்: தெரியவில்லை.

தெரிந்தே அப்படி எழுதியிருக்கிறார்.

"தெரியவில்லை" என்பதை அழித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை டைப் செய்து சேவ் செய்தேன். ஸ்கிரீன்ஷாட் கீழே இருக்கிறது.

பஸ் குரூப்பிலும் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

பத்திரிகையை நீங்கள் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரில்தான் செய்தேன் சார். நல்லா வந்துச்சு.

போய்ட்டு வாங்க.